ஊருணியில் விழுந்த சிவப்புப் புள்ளி

போன வாரம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். குரலில் இன்னும் நம்பிக்கை மிச்சமிருந்தது. குழுவுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம், என் அனுபவம் ஒன்று வேண்டுமாம். "மென்பொருள் இல்லாத காலத்துல நீங்கள்லாம் எப்படிச் சமாளிச்சீங்கன்னு இப்ப வர்றவங்களுக்குத் தெரியணும் மேடம்" என்றார். ஏதோ நாங்கள் கல்லை உரசித் தீ மூட்டிய தலைமுறை என்ற நினைப்பு. "இப்ப மெஷினே கத்துக்கிடுது. காமா கதிர் படிகத்துல எங்க மோதுச்சுன்னு அதுவே சொல்லிடும்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். நல்லது, எதைக் காட்டிக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "லேப்ல வச்சு எடுத்த டேட்டாதான் மேடம்."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் தைரியம்.

நான் பாலவனத்தத்தில் இருக்கிறேன். பிறந்தது நரிக்குடிப் பக்கம். அப்பா மழையை நம்பிக் குதிரைவாலியும் உளுந்தும் போட்டார். மழை அவரை நம்பியதாகத் தெரியவில்லை. மதுரையில் இயற்பியல் படித்தேன், பரீட்சை எழுதினேன், வடக்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே சப்பாத்தி சாப்பிடவும் பெரியவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டிருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். சப்பாத்தி மட்டும் நிலைத்தது. பிறகு ஆய்வுக்கூடம், ஜெர்மானியம் டிடெக்டர், ஓய்வு. மகள் ஜெர்மானியத்தில் வேலை பார்க்கிறாள் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னதில், நான் ஜெர்மனியில் இருந்ததாக அருப்புக்கோட்டை பஸ்ஸில் இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு. "அங்கன குளிரு சாஸ்தியாமே?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். திரவ நைட்ரஜனைத் தினமும் ஊற்றியவள் என்ற முறையில் அது பொய்யில்லை.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜெர்மானியம் ஒரு படிகம். எங்களுடையது சிறு தேங்காய் அளவு இருக்கும். காமா கதிர் அதற்குள் நுழைந்து மோதினால் ஒரு மின் துடிப்பு எழும். துடிப்பின் உயரம் கதிரின் ஆற்றலைச் சொல்லும். அதோடு விட்டிருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம். படிகத்துக்குள் எந்த இடத்தில் மோதியது என்பதும் தெரிய வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்காகப் படிகத்தை வெட்டுவதில்லை. வெல்லக்கட்டியின் மேல் கோடு மட்டும் கிழித்தது போல வெளிப்பூச்சைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கம்பி இழுத்தோம். எந்தக் கட்டத்துக்கு அடியில் மோதல் நடந்ததோ அந்தக் கம்பியில் முழுத் துடிப்பு வரும். பக்கத்துக் கட்டங்களிலும் ஒரு சின்னத் துடிப்பு எழுந்து உடனே அடங்கிவிடும். தெருவில் சண்டை என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது போல. இடப்பக்கத்து வீட்டுக்காரர் அதிகம் எட்டிப் பார்த்தால் சண்டை இடப்பக்கமாக நடந்திருக்கிறது. இப்படி அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்ததை வைத்தே மோதிய இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடலாம். நரிக்குடிப் பக்கம் வளர்ந்தவளுக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை.

வேலையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். நைட்ரஜனை ஊற்றிவிட்டுப் படிகம் முழுக்கக் குளிரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மின்னழுத்தம் கொடுத்தால் கருவியின் மின்சுற்று கருகிவிடும். கொடுக்கும்போதும் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போலக் கொஞ்சம் கொடுத்து, முகம் பார்த்து, மறுபடி கொஞ்சம். கதவை அறைந்து சாத்தினால் அந்த அதிர்வையும் படிகம் துடிப்பாகப் பதிவு செய்துவிடும். அதன்பின் ஊசித்துளை வழியாகச் சீசியம் என்ற கதிரியக்கப் பொருளின் கதிரை ஒவ்வொரு புள்ளியிலும் விட்டு, எந்தப் புள்ளிக்கு எந்தக் கம்பியில் என்ன துடிப்பு என்று சேர்த்துவைக்க வேண்டும். மாதக்கணக்கில் நடக்கும். சீசியத்தை எப்போதும் கருவிக்கு முன்னால்தான் வைப்போம். மேசை முன்னால்தான் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

எங்கள் பிரிவின் தலைவர் பெயரை எழுத மாட்டேன். இப்போதும் ஏதாவதொரு குழுவுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருப்பார். தொந்தரவு செய்ய வேண்டாம். தலைவர் என்றே வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு பேசுவார். மற்றவர்கள் பேசும்போது திறந்திருப்பார் என்று எண்ண வேண்டாம், அப்போதும் மூடியிருக்கும். நாம் முடித்ததும் "நோட்டட்" என்பார். அதற்குக் குப்பையில் போட்டாயிற்று என்று அர்த்தம் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. கட்டுரை ஏற்கப்பட்டால் "நான்" என்பார், திருப்பி அனுப்பப்பட்டால் "நாம்" என்பார், கருவி கெட்டுப்போனால் "நீங்கள்" என்பார். எங்கே போனாலும் ஒரு தோல் பை கூடவே போகும். அதில் ஈயச் சிமிழுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சீசியம் வில்லை இருக்கும். இந்த மாதிரிக் கதிர் தரும் பொருளை நாங்கள் சோர்ஸ் என்போம். வில்லை மிகச் சிறியது, கருவியைச் சரிபார்க்க மட்டும். விதிப்படி அது பெட்டகத்தில் பூட்டியிருக்க வேண்டும். விதி எங்களுக்கு, பை அவருக்கு.

விருந்தினர் யாராவது வந்தால் வில்லையை வெளியே எடுப்பார், திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்துவைப்பார், கருவியை ஓட்டச் சொல்வார். கணினித் திரையில் அறையின் புகைப்படம் தெரியும். அதன்மேல் வில்லை ஒளிந்திருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். விருந்தினர் கைதட்டுவார்கள். திருவிழா மாஜிக்காரருக்கும் இவருக்கும் வித்தியாசம், மாஜிக்காரர் தட்டேந்துவார், இவர் நிதி கேட்பார்.

ஒருமுறை முக்கியமான ஒருவர் வந்திருந்தபோது, சிவப்புப் புள்ளியோடு அறையின் பின்பக்கத்தில் இன்னொரு மங்கல் புள்ளியும் தெரிந்தது. அது என்ன என்று வந்தவர் கேட்டுவிட்டார். காரணம் எளியது. கதிர் படிகத்தில் ஓரிடத்தில் மோதித் திசை திரும்பி இன்னோரிடத்தில் மோதும். அந்த இரண்டு இடங்களையும் வைத்துத்தான் அது எங்கிருந்து வந்தது என்று கணக்கிடுகிறோம். எந்த மோதல் முதல், எது இரண்டாவது என்று தடுமாறினால் திசை தலைகீழாகிவிடும். தலைவர் மறுநாளே உத்தரவு போட்டார்: "சோர்ஸ் எப்போதும் முன்னால்தான் இருக்கிறது. முன்வரிசைக் கட்டத்தில் படுவதுதான் முதல் மோதல் என்று வைத்துவிடுங்கள். பின்பக்கத்தை வரையவே வேண்டாம்." அப்படியானால் உண்மையிலேயே பின்னாலிருந்து ஒன்று வந்தால் அதையும் முன்னால் கொண்டுவந்து ஒட்டிவிடுமே என்று கூட்டத்தில் சொன்னேன். "நோட்டட்" என்றார்.

இப்போது ஊருணிக்கு வருகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் ஓர் ஆலையில், தொட்டிக்குள் சரக்கு எவ்வளவு உயரம் இருக்கிறது என்று காட்டும் அளவி ஒன்று காணாமல் போனது. அதற்குள் வலுவான சீசியம் சோர்ஸ் இருந்தது. கையில் எடுத்தால் கை போய்விடும். பழைய இரும்போடு சேர்ந்து வெளியே போயிருக்கலாம் என்று ஆலைக்காரர்கள் கையை விரித்தார்கள். அது எங்கே இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம்: ஆலையின் சொந்தக் கிடங்கில், கிழிந்த பெல்ட்டுகளுக்கு அடியில். பிற்பாடு கிடங்கைப் பெருக்கப்போய்க் கிடைத்தது. பெருக்கும் யோசனை முதலிலேயே வந்திருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை.

ஆனால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பழைய இரும்பு ஏற்றிய வேன், நரிக்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரின் ஊருணிக்கரையில் நின்று பஞ்சர் ஒட்டியதாக ஓட்டுநர் சொல்லியிருந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்கள் பட்டது போதும். அங்கே தண்ணீரில் விழுந்திருக்கலாம் என்று தாசில்தார் எங்களை அழைத்தார். தலைவருக்கு வாழ்நாள் வாய்ப்பு, பத்திரிகைக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பினார். கருவி, நைட்ரஜன் குடுவை, தலைவர், தோல் பை, நான் என்று எல்லாம் ஜீப்பில் போய் இறங்கினோம். படிகமும் குளிரும் என் பொறுப்பு. படம் தலைவர் பொறுப்பு.

பங்குனி வெயில். ஊருணியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. ஊருக்குக் குடிநீர் அது ஒன்றே. தேற்றாங்கொட்டையை உரசித் தெளியவைத்துக் குடிப்பார்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் நாடா கட்டி யாரும் இறங்கக் கூடாது என்று தாசில்தார் தடுத்துவைத்திருந்தார். காலிக் குடங்களோடு பெண்கள் கரையில் நின்றார்கள். தலைவர் கருவியை ஊருணிப் பக்கம் பார்த்து நிறுத்தச் சொன்னார். ஜீப் கருவிக்குப் பின்னால் நின்றது. முதலில் தாசில்தாருக்கு ஒரு மாஜிக் நடந்தது: வில்லையைச் சிமிழிலிருந்து எடுத்து வேப்பமரத்தடியில் வைத்தார், சிவப்புப் புள்ளி விழுந்தது, தாசில்தார் அசந்துபோனார். வில்லையை எடுத்து வைத்துவிட்டுப் பையை ஜீப்பில் போட்டார். பிறகு வேலை தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் திரையில் ஊருணியின் நடுவே ஒரு புள்ளி விழுந்தது. மங்கலானதுதான், ஆனால் சிவப்பு. சீசியத்துக்கே உரிய ஆற்றல். தலைவர் முகம் மலர்ந்தது. கையில் பிடிக்கும் மீட்டர்கள் கரையில் ஒன்றும் காட்டவில்லையே என்று தாசில்தார் கேட்டார். "தண்ணீர் மறைக்கிறது. அந்த மீட்டர்களால் பார்க்க முடியாது, எங்கள் கருவியால்தான் முடியும்" என்றார் தலைவர். எதற்கும் அவரிடம் விளக்கம் தயாராக இருக்கும். தண்ணீரை முழுக்க இறைத்து, சோர்ஸை எடுத்து, அப்புறம் சகதி வெளியே பரவாமல் ஊருணியை மண் போட்டு மூடிவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். தாசில்தார் உடனே டீசல் மோட்டாருக்கு ஆள் அனுப்பினார்.

இருளாயி என்ற பெண் நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். ஊராட்சி உறுப்பினர், கையில் குடம். "ஏன்யா, இத எறச்சு மூடிப்புட்டா நாங்க எதக் குடிக்க?" என்றாள்.

"குழாய் இருக்கேம்மா" என்றார் தாசில்தார்.

"இருக்கு. காத்துத்தான் வருது. காத்தக் குடிச்சாத் தாகம் அடங்குமாய்யா? ஐப்பசியில மழ பேஞ்சாக்கூட ஊருணியே இல்லாட்டி எதுல தேங்கும்?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்க தாயி. அவுக சொல்றது நெசந்தானா?"

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. படத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மோதல் என்ற எண்ணிக்கையை மட்டும் எடுத்துப் பார்த்தேன். கதிர் முன்னாலிருந்து வந்தால் முன்வரிசைக் கட்டங்கள் அதிகம் வாங்கும். உள்ளே போகப் போகக் குறையும். இங்கே பின்வரிசை அதிகமாக வாங்கியிருந்தது. தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"தரையில் பட்டுச் சிதறி வந்திருக்கும், மேடம்."

"சிதறினா ஆற்றல் குறைஞ்சிருக்கணும் சார். இது குறையாம முழுசா வந்திருக்கு. பின்னாலேர்ந்து நேரா வருது. ஒரு தடவை கருவியத் திருப்பிப் பாத்துருவோம்."

"நைட்ரஜன் குலுங்கும். நோட்டட்."

அதற்குள் மோட்டார் வந்துவிட்டது. குழாயை இறக்கி, ஓட்டியும் விட்டார்கள். குடிதண்ணீர் கருவேலங்காட்டுக்குள் பாய்ந்ததைப் பார்த்துக் கரையில் நின்ற பெண்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில்தான் புத்தி வேலை செய்தது. மோட்டார் அதிர்வில் படிகம் திணறிக்கொண்டிருந்தது. திரையில் புள்ளி கலங்கிக் கரையத் தொடங்கியது.

"சார், மோட்டார் ஓடினா படம் கெட்டுப்போகுது. பத்திரிகைக்காரங்க வர்ற நேரத்துல புள்ளி தெரியாது" என்றேன்.

தலைவர் பதறிப்போய் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். ஊரே கதறியும் நிற்காத மோட்டார், ஒரு புகைப்படத்துக்காக நின்றது. படம் தெளியும்வரை ஓட்ட வேண்டாம் என்று சொல்லத் தாசில்தாரை நோக்கி அவரே நடந்தார். நான் நேரத்தை வீணாக்கவில்லை. கருவி நின்ற தள்ளுவண்டியின் சக்கரங்கள் கரிசலில் புதைந்திருந்தன. "இதக் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்பணும். குலுங்காமப் பிடிங்க" என்று நாடாவைத் தூக்கினேன். இருளாயியும் இன்னும் நான்கைந்து பெண்களும் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். நிறைகுடம் தூக்கிப் பழகிய கைகள்; ஒரு சொட்டு நைட்ரஜன் சிந்தவில்லை.

தலைவர் திரும்பி வந்து கத்துவதற்குள் திரையில் புள்ளி விழுந்துவிட்டது. இந்தத் தடவை மங்கல் இல்லை. குங்குமம் வைத்தது போலத் தெளிவாக, எங்கள் ஜீப்பின் பின்சீட்டில், தோல் பையின் மேல் விழுந்திருந்தது.

பையை நானே திறந்தேன். ஈயச் சிமிழ் காலியாகக் கிடந்தது. மாஜிக் முடிந்த அவசரத்தில் வில்லையைச் சிமிழுக்குள் போடாமல் பையின் வெளிப்பக்க அறையில் சீப்போடு போட்டிருந்தார். பின்னாலிருந்து வந்த அந்தச் சின்ன வெளிச்சத்தைத்தான் எங்கள் மென்பொருள், அவருடைய உத்தரவுப்படி, முன்னால் கொண்டுபோய் ஊருணியில் ஒட்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் சோர்ஸ் எப்போதும் முன்னால் இருந்ததால், உலகமும் அப்படித்தான் என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தோம்.

தலைவர் கண்ணை முழுக்கத் திறந்து பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "மேடம், இதைப் பெரிதாக்க வேண்டாம். சோர்ஸை ஊருணியிலிருந்து மீட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று அறிவித்துவிடலாம். மோட்டாரும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். எல்லோருக்கும் திருப்தி."

ஒரு நொடி எனக்கே அது சரியாகப் பட்டது. தண்ணீர் தப்பிவிடுமே. பிறகுதான் உறைத்தது. மீட்டோம் என்றால் விழுந்தது என்று ஆகிவிடும். விழுந்தது என்று ஆகிவிட்டால் அந்தத் தண்ணீரை யார் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்? அந்த ஊரில் யார் பெண் எடுப்பார்கள்? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கரைமேல் ஏறி நின்று, ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காகப் பூட்டிவைத்திருந்த என் ஊர்ப் பேச்சிலேயே சத்தமாகச் சொன்னேன்.

"யாரும் பயப்படாதீக. ஊருணியில ஒண்ணும் விழுகல. எங்க சாரு பையில ஒரு வில்லை இருந்துச்சு, மிஷினு அதத்தான் காட்டியிருக்கு. தண்ணி எப்பவும் போல நல்லாத்தான் இருக்கு."

இதற்குப் பரிசாக, ஓய்வு பெறும்வரை என்னைச் சேமிப்பறைக்குப் பொறுப்பாக்கினார்கள். பழுதான வால்வுகளோடு பேசிக்கொண்டிருந்தேன். அவை கண்ணை மூடிக்கொள்வதில்லை.

கரையில் நின்ற தாசில்தார் மெல்லக் கேட்டார், "அப்ப காலையிலேர்ந்து நாங்க தேடினது உங்க பையையா சார்?"

"நாம்…" என்று தொடங்கினார் தலைவர்.

நாடாவை அவிழ்த்தார்கள். ஆனால் ஒரு பெண்ணும் தண்ணீரில் இறங்கவில்லை. காலையில் விஷம் என்றவர்கள் மத்தியானம் அமிர்தம் என்றால் யார் நம்புவார்கள்? நான் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர அசையவில்லை. நான் வெறும் மேடம். விஷம் என்று சொன்னது நான் இல்லையே. இருளாயிக்கு அது எனக்கு முன்பே புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் ஒரு செம்பு எடுத்துவந்தாள், படியிறங்கி முகந்தாள், மேல்படியில் நின்றிருந்த தலைவரிடம் நேராகப் போனாள்.

"அய்யா, நீங்கதான கெட்ட தண்ணின்னு சொன்னீக. நீங்க ஒரு மடக்குக் குடிச்சாத்தான் எங்க புள்ளைக குடிக்கும்."

தலைவர் தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"குடிதண்ணிப் படியில நிக்கிறீக. மொதல்ல செருப்பக் கழட்டுங்க" என்றாள்.

அது செருப்பு இல்லை, கயிறு கட்டிய ஷூ. குனிந்து கழற்ற நேரம் பிடித்தது. காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. செம்பை வாங்கினார், ஒருமுறை என் பக்கம் திரும்பினார், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகுதான் முதல் குடம் தண்ணீரில் இறங்கியது.